ஒரு சாண் தேய்மானம்

கருங்குழிப்பட்டி சந்தனசாமி அரசாங்கச் சாமானாக ஆனது 1955-ஆம் வருஷம் ஆவணி மாதத்தில். அதுவரைக்கும் அவன் மனிதனாகத்தான் காலம் தள்ளிக்கொண்டிருந்தான். கொஞ்சம் கடலைக்கொல்லை, ஒரு ஜோடி மாடு, தலையில் ஒரு சாண் உயரத்துக்கு ஒரு முண்டாசு.

முண்டாசைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவனுக்குப் பேசி வைத்திருந்த மரிய செல்வி, தாய்மாமன் ஆரோக்கியமுத்துவின் மகள், அவனைவிட இரண்டு விரற்கடை உயரம். "மாப்பிள்ளைக்கு ஒரு முக்காலி செஞ்சு குடுங்கப்பா, தாலி கட்டையில வேணும்" என்று உறவுக்காரர்கள் பரிசம் போட்ட அன்றே ஆரம்பித்துவிட்டார்கள். மறுநாளிலிருந்து சந்தனசாமி ஒரு முழு வேட்டியையே முண்டாசாகச் சுற்றத் தொடங்கினான். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதும் முண்டாசு, குளிக்கப் போகும்போதும் முண்டாசு. மாதா கோயில் வாசலிலும் கல்லறைத் தோட்டத்து வாசலிலும் மட்டும் அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வான். ஆவூர்ப் பக்கத்து வேதக்காரர்களுக்கு அது வழிவழிப் பழக்கம். சர்வேசுரனுக்கு முன்னாலும் செத்தவர்களுக்கு முன்னாலும் ஆம்பிளை தலையில் துணி ஆகாது.

ஊருக்குக் கிழக்கே ஒரு பொட்டல். அதில் வட்டம் வட்டமாகச் செம்பாறைக் கற்கள் நட்டிருக்கும். ஊர்க்காரர்கள் அதைக் குரங்குப்பட்டறை என்பார்கள். குரங்கும் இல்லை, பட்டறையும் இல்லை. கல்வட்டத்துக்குள் தோண்டினால் ஆள் உட்காரும் அளவுக்குத் தாழி இருக்கும். தாழிக்குள் எலும்பும், கறுப்பும் சிவப்புமாகப் பளபளக்கும் கிண்ணங்களும், துருப்பிடித்த அரிவாளும், சூதுபவள மணியும் இருக்கும். யாரோ, எந்தக் காலத்திலோ, தங்கள் ஆட்களை வைத்துப் புதைத்தது. பொட்டலைத் தாண்டி ஒரு ஓட்டாஞ்சல்லி மேடு. அவர்கள் குடியிருந்து, சமைத்து, சட்டி உடைத்த இடம்.

அங்கேதான் தொன்மாந்தர் ஆய்வு வாரியம் ஜீப்பில் வந்து இறங்கியது. முதல் வாரம் பெயர்ப்பலகை நட்டார்கள். இரண்டாவது வாரம் பலகை சாய்ந்திருப்பதாக ஒரு விசாரணை நடந்தது. மூன்றாவது வாரம் திறப்பு விழா.

வாரியத்தின் இயக்குநர் ஆத்மநாதன் கதர் ஜிப்பாவில் மாலையோடு எழுந்து நின்றார்.

"பெரியோர்களே! எகிப்தியரைப் பற்றி உலகத்துக்கே தெரியும். ரோமாபுரியைப் பற்றியும் தெரியும். ஆகவே அவர்களைப் பற்றித் தவறாக எழுதினால் உடனே கண்டுபிடித்துவிடுகிறார்கள். பெயரே தெரியாத மாந்தரைப் பற்றி எழுதுவதில் அந்த இடைஞ்சல் இல்லை. ஆகவேதான் வாரியம் இவர்களைத் தேர்ந்தெடுத்தது." கைதட்டல். "ஒரு மக்கள் கூட்டம் எப்படி வாழ்ந்தது என்பதைச் செத்தவர்களிடம்தான் கேட்க வேண்டும். உயிரோடு இருப்பவர்கள் குறுக்கே பேசுவார்கள்."

ஊர்க்காரர்கள் குறுக்கே பேசாமல் சுண்டல் வாங்கிக்கொண்டு கலைந்தார்கள்.

மறுநாள்தான் சிக்கல் வந்தது. வாரியத்தின் விதிப்படி பழம்பொருள் எதையும் தோண்டிய இடத்தில் அளக்கக் கூடாது. டேப்பை வைத்து வைத்து எடுத்தால் பழம்பொருள் தேய்ந்துவிடும். போட்டோ எடுத்துச் சென்னைக்கு அனுப்ப வேண்டும்; அங்கே அளவுப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது, அது போட்டோவைப் பார்த்து அளக்கும். நேரில் பார்த்ததை வாரியம் ஆதாரமாக ஏற்பதே இல்லை. நேரில் பார்ப்பவர்களின் கண் பலவிதம், போட்டோவின் கண் ஒன்று என்பது அவர்கள் கட்சி.

போட்டோவில் அளக்க வேண்டுமானால் பொருளுக்குப் பக்கத்தில் அளவுகோல் நிற்க வேண்டும். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த ஆறடிக் கோல். அந்தக் கோல் சென்னையில் இருந்தது. அது செங்குத்தாக வர வேண்டுமா படுக்கையாக வர வேண்டுமா என்று ரயில்வேயோடு கடிதப் போக்குவரத்து நடந்துகொண்டிருந்தது.

முகாமின் ஸ்டோர் கீப்பர் ஆண்டியப்பன் கெட்டிக்காரர். கையில் டேப்போடு கிணற்றடிக்கு வந்து, தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த ஆம்பிளைகளை வரிசையாக நிறுத்தி உச்சியிலிருந்து பாதம் வரை அளந்தார். சந்தனசாமியிடம் வந்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"ஆறடி! ஒரு நூல் கூட இல்ல, ஒரு நூல் குறைச்சல் இல்ல! தம்பி, ஒம் பேரென்ன?"

"சந்தனசாமிங்க."

"இனிமே அது வேணாம். அளவுகோல், மரம் அல்லது அதற்கு ஈடானது, ஒன்று. வா."

முண்டாசை அவிழ்க்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. கிணற்றடி கோயிலும் இல்லை, கல்லறையும் இல்லை. அவனாக ஏன் அவிழ்க்கப் போகிறான்?

அன்றைக்கே வேலை தொடங்கியது. ஓட்டாஞ்சல்லி மேட்டில் ஒரு அடுப்பு, இரண்டு சட்டி, ஒரு பிரிமனை கிடைத்தன. புதுக்கோட்டையில் ஸ்டுடியோ வைத்திருந்த சேக் அலாவுதீன் முக்காலிக் கேமராவோடு வந்து கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். சந்தனசாமி முண்டாசோடு அடுப்புக்குப் பக்கத்தில் விறைத்து நின்றான். போட்டோ ஆயிற்று. மத்தியானம் கல்வட்டத்துக்குப் போனார்கள். குழிக்குள் தாழி தெரிந்தது. தாழி வாய்க்குள் ஒரு மண்டையோடு தெரிந்தது. வேதக்காரரோ, வேறு யாரோ, செத்தவர் செத்தவர்தானே? சந்தனசாமி முண்டாசை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு, குழிக்குப் பக்கத்தில் நின்றான். போட்டோ ஆயிற்று.

நாலைந்து மாதம் இப்படியே நடந்தது. மேட்டில் முண்டாசோடு, குழியில் முண்டாசில்லாமல். ஆத்மநாதன் எப்போதும் பழம்பொருளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆண்டியப்பன் ஸ்டாக் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அலாவுதீனைப் பின்னால் ஒருநாள் யாரோ கேட்டபோது, "கேமராவுல எனக்கு எல்லாரும் தலைகீழாத்தான் தெரிவாங்க. காலு மேல இருக்கான்னு பாக்கிறதே பெரும்பாடு, தலையில என்ன இருக்குன்னு நான் எங்க பாக்க?" என்றார். சென்னை அளவுப் பிரிவு உச்சியையும் பாதத்தையும் மட்டும் பார்த்தது. இடையில் இருப்பது வேறு பிரிவு.

மார்கழியில் சென்னையிலிருந்து அளவுகள் வந்தன. ஆத்மநாதன் கூடாரத்துக்குள் படித்துவிட்டு, வெளியே வந்து, வானத்தைப் பார்த்து நின்றார். மேட்டில் கிடைத்த சட்டிகள் சின்னவை. குழியில் கிடைத்த அதே மாதிரிச் சட்டிகள் பெரியவை. மேட்டில் அரிவாள் சின்னது, குழியில் பெரியது. குழியில் கிடைத்த தொடை எலும்பைக் கணக்கிட்டால் ஆள் கண்டிப்பாக நெட்டை. மேட்டில் இருந்த வீட்டு வாசலைக் கணக்கிட்டால் ஆள் கண்டிப்பாகக் குட்டை.

"இரண்டு இனம்!" என்றார்.

புதுக்கோட்டையில் ஒரு மண்டபம் பிடித்து மாநாடு வைத்தார்கள். "குறுமாந்தர், நெடுமாந்தர்: ஒரு முடிந்த முடிவு" என்று புத்தகம் அச்சடித்து மேஜைமேல் அடுக்கியிருந்தது. ஆத்மநாதன் இரண்டு மணி நேரம் பேசினார்.

"குறுமாந்தர் வாழ்ந்தார்கள். நெடுமாந்தர் இறந்தார்கள். இதில் ஐயத்துக்கே இடமில்லை!"

கூட்டத்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் எழுந்து, "அப்ப குறுமாந்தர் செத்தா எங்க பொதைச்சாங்க? நெடுமாந்தர் எங்க குடியிருந்தாங்க?" என்று கேட்டார்.

"அது அடுத்த வருஷ நிதி ஒதுக்கீட்டைப் பொறுத்தது" என்றார் ஆத்மநாதன்.

வாத்தியார் உட்கார்ந்துவிட்டார்.

கண்காட்சிக்காகச் சட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்திருந்த சந்தனசாமிக்கு ஒரு குழப்பம். மேட்டுச் சட்டிக்குள் குழிச் சட்டியை வைத்துப் பார்த்தால் போகவில்லை. குழிச் சட்டிக்குள் மேட்டுச் சட்டியை வைத்தாலும் போகவில்லை. "ஐயா, ரெண்டும் ஒரே அச்சாட்டம் இருக்குங்களே" என்றான்.

"நேரில் பார்த்தால் அப்படித்தான் இருக்கும்" என்றார் ஆத்மநாதன் பரிவோடு. "அளவுகோல் பேசக் கூடாதப்பா."

பேசக் கூடாது என்பது மட்டுமா? ஆண்டியப்பனிடம் அளவுக் கருவிகள் பராமரிப்பு விதிகள் என்று ஒரு கட்டு இருந்தது. கருவி வெயிலில் கிடக்கக் கூடாது, நீண்டுவிடும். ஆகவே கடலை பிடுங்கப் போகக் கூடாது. கருவி வளையக் கூடாது. ஆகவே குனிந்து மாட்டுக்கு வைக்கோல் போடக் கூடாது. சனிக்கிழமைதோறும் எண்ணெய் தடவ வேண்டும், துருப்பிடிக்காமலிருக்க. வேலை முடிந்ததும் சாக்கில் சுற்றி ஸ்டோர் கூடாரத்தில் மட்டமாகப் படுக்க வைக்க வேண்டும். சிவப்பும் வெள்ளையும் பட்டை அடிக்க வேண்டும் என்றும் ஒரு விதி இருந்தது. பெயின்டுக்கு அனுமதி வந்தது, பிரஷுக்கு வரவில்லை. அந்த மட்டில் தப்பினான்.

ஆத்மநாதன் தோண்டியெடுத்த சாமான்களை இரண்டு அலமாரியில் வைத்திருந்தார். ஒன்றில் "சடங்குப் பொருள்" என்று எழுதியிருந்தது. மற்றதில் "சடங்குப் பொருளாக இருக்கலாம்." சந்தனசாமி இடுப்பிலிருந்து தவறவிட்ட சுண்ணாம்பு டப்பா இரண்டாவது அலமாரியில் நூல் கட்டித் தொங்கியது. ஒரு வாரம் கழித்துப் பதவி உயர்வு பெற்று முதல் அலமாரிக்குப் போய்விட்டது. அவன் வெற்றிலை போடுவதை விட்டான்.

ஒருநாள் பொறுக்காமல் சாக்கை உதறிவிட்டுக் கொல்லைக்குப் போய்விட்டான். சாயங்காலம் போலீஸ்காரர் சைக்கிளில் வந்தார். "அளவுகோல் ஒன்று தன்னைத்தானே திருடிக்கொண்டு போய்விட்டது" என்று ஆண்டியப்பன் எழுதிக் கொடுத்திருந்தார்.

"நீ திருடனா, திருட்டுப்போன சாமானாடா? எதைன்னு நான் எழுதுறது?" என்று போலீஸ்காரர் தலையைச் சொறிந்தார். கடைசியில் சாமான் என்றே வைத்துக்கொண்டு, கேரியரில் உட்காரவைத்து முகாமில் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

இதற்கிடையில் தை பிறந்து கல்யாணம் நெருங்கிவிட்டது. அந்தக் கோயில் வழக்கப்படி மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் கேட்பார். யாரும் சொல்ல மாட்டார்கள். முதல் ஓலை வாசித்தாயிற்று. இரண்டாவது ஓலையும் வாசித்தாயிற்று. மூன்றாவது ஓலை வாசித்த அன்றைக்குக் கோயிலின் பின்வரிசையிலிருந்து ஒரு இருமல் கேட்டது.

ஆண்டியப்பன் எழுந்து நின்றார். அளவுகோலைத் தேடிக்கொண்டு வந்தவர் அவர்.

"ஆட்சேபணை இருக்குங்க."

கோயிலே திரும்பிப் பார்த்தது. ஆரோக்கியமுத்து எழுந்தே விட்டார். மாப்பிள்ளைக்கு எங்கேயாவது வேறு பெண்டாட்டி இருக்கிறாளா என்று அவருக்குத் திகில்.

"அரசாங்கச் சொத்தைத் தனியாருக்குக் கைமாற்றிக் கொடுக்க விதியில்லைங்க. வெளியாருக்கு இரவல் கொடுக்கவும் விதியில்லை. இவங்க கேட்கிறது ஆயுசுக்கும் இரவல்."

சாமியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "விவாகத் தடைன்னா ரத்த உறவு இருக்கு, முந்தின விவாகம் இருக்கு, துறவு வார்த்தைப்பாடு இருக்கு. ஸ்டோர் சாமான்னு ஒரு தடை எங்க புஸ்தகத்துல இல்லையே."

"எங்க புஸ்தகத்துல இருக்குங்களே."

சாமியாருக்கும் மேலே பிஷப் இருக்கிறார், பிஷப்புக்கும் மேலே ரோமாபுரி இருக்கிறது. தடை சொல்லியாயிற்று, அது நீங்குகிறவரைக்கும் கல்யாணம் நடத்த முடியாது என்று சொல்லிவிட்டார். விபூதிப் புதனுக்கு முன்னால் நீங்காவிட்டால் உயிர்ப்புத் திருநாளான பாஸ்குவரை தவசு காலம். கல்யாணப் பேச்சே கிடையாது. அதற்குள் முகாம் மூட்டை கட்டிவிடும். ஸ்டாக் புத்தகத்தில் உள்ளதெல்லாம் சென்னைக் கிடங்குக்குப் போய்விடும், சாக்கில் சுற்றி, படுக்கை வசமாக.

கோயில் வாசலில் ஆரோக்கியமுத்து துண்டை உதறித் தோளில் போட்டார். "என் மக உசரத்துக்கு மாப்பிள்ள கெடைக்கலைன்னு இவனுக்குச் சம்மதிச்சேன். இப்ப என்னான்னா, அளவுகோலுக்குப் பொண்ணு குடுக்கச் சொல்றியளா? விபூதிப் புதன் தாண்டிருச்சுன்னா, செல்விக்கு நான் வேற எடம் பாக்குறேன்."

"எனக்கு ஒரு மச்சான் போதும்" என்றாள் மரிய செல்வி. "போய்க் கூட்டியாரேன்."

"எங்கிட்டுடீ?"

"முகாம் கிடங்குக்கு."

மறுநாள் ஒரு பனைக்கூடையில் கஞ்சிக் கலயத்தை வைத்துக்கொண்டு முகாமுக்குப் போனாள். ஸ்டோர் கூடாரத்தில் தாழிகளுக்கு நடுவே சந்தனசாமி சாக்குக்குள் படுத்திருந்தான். சனிக்கிழமை விட்டுப்போன எண்ணெயை அன்று திங்கட்கிழமை தடவியிருந்தார்கள், பளபளவென்று இருந்தான்.

"என்னா மச்சான், நல்லா மினுக்குற?"

"போ புள்ள. வளைஞ்சு ஒக்கார விடமாட்டேங்கிறாங்க. கஞ்சிய எப்பிடிக் குடிக்கிறது?"

அவன் படுத்தவாறே குடித்தான். அவள் கூடாரத்துத் துணியில் குத்தி வைத்திருந்த போட்டோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் வரிசை "குறுமாந்தர்." சந்தனசாமி முண்டாசோடு. அடுத்த வரிசை "நெடுமாந்தர்." சந்தனசாமி வெறுந்தலையோடு. கூடாரத்துக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பில் ஒரு பழங்காலத்துக் கிண்ணம் ஆடி நின்றது.

"ஏன் சிரிக்கிற?"

"ஒண்ணுமில்ல. அந்த முண்டாச அவுத்து எங்கிட்ட குடு."

"இங்கனயா? இது என்ன கோயிலா?"

"சுத்திலும் தாழி, தாழிக்குள்ள ஆளுக. இது கல்லறை இல்லாம என்ன? குடு மச்சான்."

அது நியாயமாகப் பட்டது அவனுக்கு. இத்தனை நாள் தோன்றவில்லையே என்று வெட்கப்பட்டுக்கொண்டே அவிழ்த்துக் கொடுத்தான். அவள் அதைக் கலயத்துக்கு அடியில் சுருட்டி வைத்துக்கொண்டு, ஆண்டியப்பனிடம் போனாள்.

"ஐயா, நாளைக்கு இந்தச் சாமான் காணோம், கொறையுதுன்னு எங்க மேல பழி வந்திரக் கூடாதுங்க. சென்னைக்குக் கொண்டு போறதுக்கு முன்னால ஒருக்க சரிபாத்து எழுதிருங்க."

சரிபார்த்தல் என்ற சொல்லுக்கு ஆண்டியப்பன் எந்தத் தூக்கத்திலும் எழுந்துவிடுவார். டேப்போடு வந்து, சந்தனசாமியை நிறுத்தி, உச்சியிலிருந்து பாதம் வரை பிடித்தார். கண்ணை ஒருமுறை துடைத்துக்கொண்டு மறுபடியும் பிடித்தார்.

"ஒரு சாண்... ஒரு சாண் காணோமே!"

"ஐயையோ" என்றாள் மரிய செல்வி.

அவர் சந்தனசாமியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "என்னமோ வித்தியாசமா இருக்கான். எதுவோ கொறையுது."

"அதாங்க, ஒரு சாண்."

"ஆவணியில எடுக்கையில முழுசா ஆறடி. எங் கையெழுத்து. இப்ப அஞ்சேகாலடி. மிச்சம் எங்கன்னு ஆடிட்டுல கேட்டா நான் என்னத்தச் சொல்றது? சர்க்கார் சொத்துல ஒரு சாண் வித்துத் தின்னுட்டான்னு எழுதிருவாங்களேம்மா! பென்ஷன் போச்சே!"

"எதுலயாவது தேய்ஞ்சிருக்குமோ?" என்றாள் அவள், தரையைப் பார்த்துக்கொண்டு. "நித்தம் நிக்கிறாரு. காலு தேயாதுங்களா?"

ஆண்டியப்பன் அவளைத் தெய்வத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

ஆத்மநாதனிடம் விஷயம் போனது. அவர் முகம் கறுத்தது. "அளவுகோல் குறைந்திருக்கிறது என்றால், அதை வைத்து எழுதின என் புத்தகம்?"

ஆண்டியப்பன் பணிவாகச் சொன்னார்: "புஸ்தகம் அச்சானது மார்கழி கடைசியில சார். அதுவரைக்கும் கோல் முழுசாத்தான் இருந்திருக்கு. தேய்மானம் எல்லாம் அதுக்கு மறுநாள்லேருந்துதான்."

ஆத்மநாதன் நிம்மதியாக மூச்சு விட்டார். "அப்படியானால் சரி. விஞ்ஞானத்தில் தேதி முக்கியம்." உடனே கையெழுத்துப் போட்டார். ஒரு சாண் தேய்மானம் தள்ளுபடி. மீதி அஞ்சேகாலடி உபயோகமற்றது, ஏலத்தில் விடவும்.

விபூதிப் புதனுக்கு முந்தின வாரம் முகாம் வாசலில் ஏலம். ஊரே கூடிவிட்டது. ஓட்டை வாளி இரண்டு, காம்பு போன மண்வெட்டி, கிழிந்த கூடாரம், தேய்ந்த அளவுகோல் எல்லாம் சேர்த்து ஒரே குவியல்; தனித்தனியாகப் பிரித்து விற்க விதியில்லை. சந்தனசாமி கையில் வாளியோடு குவியலுக்கு நடுவே நின்றான்.

மீமிசல் பக்கத்திலிருந்து பழைய சாமான் வாங்க ஜைனுதீன் வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். அவர் கண் கூடாரத்தின் மேல். மீன் காய வைக்க நல்ல துணி. மரிய செல்வி ஒரு விலை கேட்டாள். ஜைனுதீன் வழக்கப்படி ஒரு படி மேலே கேட்டார். அவள் ஏற்றினாள். அவரும் ஏற்றினார்.

"பாய்!" என்று அவள் அவர் பக்கம் திரும்பினாள். "நீங்க எதுக்கு கேக்குறீங்க?"

"கூடாரத்துக்குத்தாம்மா. நீ?"

"நடுவுல நிக்கிறாருல்ல, அதுக்கு."

ஜைனுதீன் சந்தனசாமியை மேலும் கீழும் பார்த்தார். "அத வச்சு நான் என்ன செய்யப்போறேன்? ஓட்ட வாளிக்காச்சும் ஈயம் பூசலாம். நீயே கேளு தாயி. துணிய எனக்குக் குடுத்துரு, வெலையில பாதி என்னோடது."

"வாளியும் எனக்கு."

"வாளிய விடமாட்டேன்."

"ஒரு வாளி."

"சரி, ஒண்ணு."

ஆண்டியப்பன் தொண்டையைக் கனைத்தார். "ஒரு தரம்... ரெண்டு தரம்..." கூட்டத்தில் ஆரோக்கியமுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மூணு தரம்!"

கோயிலில் மூன்று ஓலையில் முடியாதது முகாமில் மூன்று தரத்தில் முடிந்தது.

ஏலச் சீட்டை மரிய செல்வி நேரே சாமியாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "வாங்கியவர் சாமானை உடனே அப்புறப்படுத்த வேண்டும். பழுது இருந்தாலும் திரும்ப எடுத்துக்கொள்ளப்படமாட்டாது." தலையை ஆட்டினார். "நம்ம விவாகத்துக்கும் இதே விதிதான். தடை நீங்கிருச்சு. திங்கக்கிழமை காலைப் பூசைக்கு வந்துருங்க."

வீட்டுக்குத் திரும்பும் வழியில் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்த சந்தனசாமி கேட்டான். "ஏன் புள்ள, நெசமாவே நான் தேய்ஞ்சுட்டனா?"

அவள் கூடையிலிருந்து முண்டாசை எடுத்து அவன் தலையில் வைத்தாள். "இப்ப?"

நடுப்பாதையில் நின்றுவிட்டான். "அப்ப அந்த நெடுமாந்தருங்கிறது?"

"ஒங் கக்கத்துல இருந்தாங்க மச்சான்."

திங்கட்கிழமை கல்யாணம் நடந்தது. முக்காலி தேவைப்படவில்லை, மரிய செல்வி கொஞ்சம் குனிந்துகொண்டாள். கோயில் வாசலில் அலாவுதீன் போட்டோ எடுத்தார். பூசையிலிருந்து நேரே வந்தவனாகையால் சந்தனசாமி தலையில் முண்டாசு இல்லை. வாரியத்தில் பழகின பழக்கத்தில் மூச்சை அடக்கி விறைத்து நின்றான். படம் அழகாக வந்துவிட்டது. அலாவுதீன் அதைப் பெரிசாக்கி ஸ்டுடியோக் கண்ணாடிக்குள் மாட்டினார்.

அதுதான் வம்பு. ஒருநாள் ஆத்மநாதன் அந்தக் கடைத்தெரு வழியாகப் போகும்போது நின்றுவிட்டார். கண்ணாடிக்குள் வாரியத்தின் ஆறடி அளவுகோல். அதற்குப் பக்கத்தில், அளவுகோலைவிட இரண்டு விரற்கடை உயரத்தில், மாலையோடு ஒரு பெண்.

"ஆறடி இரண்டு விரற்கடை!" என்று கூவினார். "நெடுமாந்தர் அழியவில்லை!"

"அந்தக் கோலத்தான் தேய்ஞ்சுபோச்சுன்னு தள்ளிட்டோமே சார்" என்றார் கூட வந்த ஆண்டியப்பன்.

"தள்ளினது நாம் ஆண்டியப்பன். போட்டோ தள்ளவில்லை."

அந்தப் பெண் தன் முகாமுக்கே கஞ்சிக் கலயத்தோடு வந்து போனவள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அது நேரில் பார்த்தது.

மறுவாரம் கருங்குழிப்பட்டிக்கு ஜீப் வந்தது. ஆத்மநாதன் மாலையோடு இறங்கினார். ஆண்டியப்பன் ஸ்டாக் புத்தகத்தோடு இறங்கினார். அலாவுதீன் கேமராவோடு இறங்கி, மரிய செல்வியைப் பார்க்கக் கூசிக்கொண்டு நின்றார்.

"அம்மா, நீங்கள் இந்த நாட்டின் பொக்கிஷம்" என்றார் ஆத்மநாதன். "பல நூற்றாண்டுகளாக இறந்துகொண்டு மட்டுமே இருந்த ஒரு இனத்தில் முதன்முதலாக வாழ்கிறவர் நீங்கள். உங்களைச் சென்னையில் வைத்துப் பாதுகாக்க வேண்டும். அரசாங்கச் செலவில் எண்ணெய் தடவுவோம்."

அந்த எண்ணெய் சந்தனசாமிக்குத் தெரியும். சாக்கும் தெரியும். மரிய செல்வி வாயைத் திறப்பதற்கு முன்னால், வாழ்நாளில் முதல்முறையாக அவன் முந்திக்கொண்டான்.

"ஐயா, ஒரு போட்டோ போதுங்களா? இன்னொண்ணு எடுத்துக்கிட்டா ஆதாரம் கெட்டியா இருக்குமுங்களே."

ஆத்மநாதன் மகிழ்ந்துபோனார். "பார்த்தீர்களா, நம்மோடு பழகினதில் அளவுகோலுக்கும் விஞ்ஞான புத்தி வந்துவிட்டது!"

சந்தனசாமி உள்ளே போய், வேட்டியை உதறி, ஒரு சாண் உயரத்துக்கு நிதானமாக முண்டாசு கட்டிக்கொண்டு வந்தான். மனைவிக்குப் பக்கத்தில் விறைத்து நின்றான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அலாவுதீன் துணிக்குள் தலையை விட்டார். துணி கொஞ்ச நேரம் குலுங்கியது.

பங்குனி கடைசியில் ஆண்டியப்பன் சைக்கிளில் வந்தார். முகத்தில் பெரிய துக்கம். சென்னை அளவுப் பிரிவு முடிவு சொல்லிவிட்டதாம். புதுப் படத்தின்படி அந்த அம்மாள் ஆறடிக்கு ஏறத்தாழ ஒரு சாண் குறைவு. கல்யாணத்தன்றைக்கு நெடுமாந்தராக இருந்தவர் சில வாரத்தில் குறுமாந்தராகிவிட்டார். இல்லறம் ஆளைக் குறுக்கும் என்று இயக்குநர் ஒரு புதுப் புத்தகம் எழுத ஆரம்பித்திருக்கிறார்.

"அப்ப என்னையச் சென்னைக்குக் கொண்டு போகலையா?" என்றாள் மரிய செல்வி.

"முடியாதும்மா. குறுமாந்தர் எல்லாம் வாழ்றவங்க. வாழ்றவங்க வாரியத்து எல்லைக்குள்ள வரமாட்டாங்க." ஆண்டியப்பன் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் படித்தார். "ஆனாலும் கதவை அடைச்சிடலை. 'விண்ணப்பதாரர் இறந்த பின் மறுபடி நேரில் வரவும்'னு போட்டிருக்கு."

"அதுக்கென்ன, வாரோம்" என்றாள் அவள். "இப்ப ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுப் போங்க."

ஏலத்தில் எடுத்த வாளியில்தான் மொண்டு கொடுத்தாள். ஈயம் பூசியிருந்தது, ஒரு சொட்டும் ஒழுகவில்லை.